மின்னஞ்சல் மடலுக்கு வாசகர் சேர்ப்பது எப்படி: தனியாக எழுதுபவருக்கான முழு வழிகாட்டி

தனியாகத் தமிழில் எழுதிக்கொண்டிருப்பவர், தன் எழுத்தை வாசகரின் மின்னஞ்சல் பெட்டிக்கே அனுப்ப நினைத்தால் எங்கே தொடங்குவது? பூஜ்யத்திலிருந்து முதல் ஐந்நூறு வாசகர் வரையான பாதையை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

என் மடலைத் தொடங்கிய பிறகு நண்பர்கள் சிலருக்கும் தொடங்க உதவியிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறியது வேலைகளின் வரிசையில்தான். முதலில் லோகோ, அடுத்து ஆள் சேர்ப்பு, எழுதுவது கடைசியில் என்று போய்விடுகிறார்கள். அந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிச் சிக்கல் வருவதேயில்லை.

எடுத்துக்காட்டுக்கு ஒரு நண்பரின் மடலை வைத்துக்கொள்கிறேன். அவர் பறவை பார்ப்பவர். தன் ஊர் ஏரிகளுக்கு எந்தப் பறவை எப்போது வருகிறது என்று மாதம் இருமுறை எழுதுகிறார்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

எழுதி முடித்த நான்கு மடல்கள். உங்கள் பெயரில் ஒரு டொமைன் (உங்களுக்கென்று வாங்கிய இணைய முகவரி). சோதித்துப் பார்க்க இரண்டு மூன்று வெவ்வேறு மின்னஞ்சல் பெட்டிகள், அவற்றில் ஒன்று கட்டாயம் ஜிமெயில். கடிதம் வந்து சேர ஓர் அஞ்சல் முகவரி. அப்புறம், உண்மையைச் சொல்லக்கூடிய பத்துப் பேர்.

அஞ்சல் முகவரி எதற்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். அமெரிக்காவின் 2003 ஸ்பேம் (கேட்காமல் வந்து குவியும் மடல்) சட்டம் வணிக மின்னஞ்சலின் அடியில் அனுப்புபவரின் அஞ்சல் முகவரி இருக்க வேண்டும் என்கிறது. அதனால், பட்டியலில் உள்ள எல்லோருக்கும் மடலை அனுப்பித் தரும் இணையச் சேவைகள் பல, முகவரி தராமல் உங்களை அனுப்பவே விடாது. தயவுசெய்து வீட்டு முகவரியைப் போடாதீர்கள், பெண்கள் குறிப்பாக. அஞ்சலகத்தில் அஞ்சல் பெட்டி எண் வாடகைக்குக் கிடைக்கும். அதை முதலிலேயே வாங்கிவிடுங்கள். கடைசி நாளில் அவசரத்தில் வீட்டு முகவரியைப் போட்டுவிட்டால், போன மடலைத் திரும்பப் பெற முடியாது.

1. நான்கு மடல்களை எழுதி முடியுங்கள்

ஒன்று போதாதா என்றால், போதாது. முதல் மடலை எல்லோரும் உற்சாகத்தில் எழுதிவிடுகிறோம். மூன்றாவதில்தான் சொல்ல விஷயம் இருக்கிறதா என்று தெரியும். நான்காவதை எழுத எத்தனை நாள் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களால் எத்தனை நாளுக்கு ஒருமுறை அனுப்ப முடியும் என்பதற்கு அதுதான் நேர்மையான கணக்கு.

பறவை நண்பர் வாரம் ஒரு மடல் என்று நினைத்திருந்தார். எழுதிப் பார்த்தபோது ஒரு மடலுக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. மாதம் இருமுறை என்று மாற்றிக்கொண்டார். முந்நூறு பேருக்கு வாரம் ஒன்று என்று சொல்லிவிட்டு ஐந்தாவது வாரம் நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

2. வாக்குறுதியை ஒரே வரியில் எழுதுங்கள்

வாசகருக்கு என்ன கிடைக்கும், எத்தனை நாளுக்கு ஒருமுறை. இந்த இரண்டும் அந்த வரியில் இருக்க வேண்டும். 'என் எண்ணங்களும் அனுபவங்களும்' என்று எழுதினால் உங்களை ஏற்கனவே தெரிந்தவர்கள் மட்டும்தான் சேருவார்கள்.

நண்பர் முதலில் எழுதியது: 'பறவைகளின் உலகம்'. பிறகு மாற்றியது: 'செங்கல்பட்டு, காஞ்சிபுரம் ஏரிகளில் இப்போது என்ன பறவை, எங்கே நின்று பார்க்கலாம்? மாதம் இருமுறை.' இரண்டாவதைப் படிக்கும் ஒருவருக்குத் தனக்கு இது வேண்டுமா வேண்டாமா என்று உடனே தெரிந்துவிடும். வேண்டாம் என்று போகிறவரும் நல்லதே. ஆர்வமில்லாதவர் பட்டியலில் இருந்தால் பின்னால் என்ன கெடுதல் வரும் என்பதை நான்காம் படியில் சொல்கிறேன்.

3. அனுப்பும் சேவையைத் தேர்ந்தெடுங்கள்

சொந்த ஜிமெயிலிலிருந்து எல்லோரையும் மறை நகலில் (பிசிசி) போட்டு அனுப்பும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். சாதாரண ஜிமெயில் கணக்கில் ஒரு நாளைக்கு 500 பேர் வரைதான் அனுப்ப முடியும். விலகுவதற்கான லிங்க் இருக்காது. ஒரு தடவை கை தவறி மறை நகலுக்குப் பதில் சாதாரண நகலில் போட்டுவிட்டால் எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் போய்விடும்.

சப்ஸ்டாக், பட்டன்டவுன், கோஸ்ட், கிட், மெயில்சிம்ப் என்று பல சேவைகள் இருக்கின்றன. சப்ஸ்டாக்கில் இலவச மடலுக்குக் கட்டணம் இல்லை. கட்டணச் சந்தா வைத்தால் அதில் 10 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். மற்றவற்றில் பெரும்பாலும் வாசகர் எண்ணிக்கை கூடக்கூடக் கட்டணம் கூடும். எதை எடுத்தாலும் மூன்றைப் பாருங்கள்: பட்டியலை எப்போது வேண்டுமானாலும் கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா, சேரும் பக்கத்தின் எழுத்துகளையெல்லாம் தமிழில் மாற்ற முடிகிறதா, சேருபவரிடம் உறுதிசெய்யச் சொல்லி மடல் அனுப்ப முடிகிறதா.

பிற்காலத்தில் கட்டணச் சந்தா வைக்கும் எண்ணம் இருந்தால், அந்தச் சேவை உங்கள் நாட்டு வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புமா என்று இப்போதே பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் பலர் இதைக் கடைசியில் பார்த்துவிட்டுச் சேவையையே மாற்ற வேண்டியிருந்தது.

4. உங்கள் டொமைன் பெயரில் அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்

சப்ஸ்டாக் போன்ற இடத்தில் மடல் அவர்களுடைய டொமைனிலிருந்தே போகும். அப்படியென்றால் அடுத்த மூன்று பத்திகளைத் தாண்டிவிடலாம். மற்றவர்கள் தாண்டக் கூடாது.

அனுப்புநர் முகவரியாக உங்கள் ஜிமெயில் முகவரியைப் போட்டு வேறொரு சேவை வழியாக அனுப்பினால், அது வேறு யாரோ உங்கள் பெயரில் அனுப்புவதுபோல ஜிமெயிலுக்குத் தெரியும். ஸ்பேமுக்குப் போய்விடும். உங்கள் டொமைனிலிருந்து அனுப்பி, இந்தச் சேவைக்கு நான்தான் அனுமதி கொடுத்தேன் என்று டொமைன் பதிவில் எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவுகள்தான் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க். மூன்றுக்கும் போட வேண்டிய வரிகளை அனுப்பும் சேவையே பெரும்பாலும் தந்துவிடும். நீங்கள் டொமைன் வாங்கிய இடத்தில் போய் ஒட்ட வேண்டும்.

ஒட்டும்போது இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். டொமைனில் ஏற்கனவே ஓர் எஸ்பிஎஃப் வரி இருக்கும், புதிதாக இன்னொன்றைச் சேர்ப்பார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஓர் எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. பழைய வரிக்குள்ளேயே புதிய சேவையைச் சேர்த்து எழுதுங்கள். இன்னொன்று டிகேஐஎம் பதிவின் பெயரில் வரும். பெயர்க் கட்டத்தில் டொமைனையும் சேர்த்து ஒட்டுவார்கள், அந்தப் பக்கம் தானாகவே டொமைனை மறுபடி ஒட்டிக்கொள்ளும். பெயர் இரட்டையாகி வேலை செய்யாது.

பதிவுகள் எங்கும் பரவச் சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை ஆகலாம். பிறகு உங்கள் ஜிமெயிலுக்கு ஒரு மடல் அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' பாருங்கள். மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருந்தால் சரி.

2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இந்த விதிகளைக் கண்டிப்பாக்கியிருக்கின்றன. ஜிமெயில் பெட்டிகளுக்கு ஒரு நாளில் 5,000 மடல் அளவுக்கு அனுப்புபவர்களுக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் கட்டாயம். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கட்டாயம். ஸ்பேம் என்று புகார் செய்பவர்கள் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது, 0.1-க்குள் இருப்பது நல்லது என்கிறது கூகுள். நம் பட்டியல் சின்னதுதான், ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆயிரம் பேரில் மூன்று பேர் ஸ்பேம் பொத்தானை அழுத்தினாலே 0.3 வந்துவிடுகிறது. ஆர்வமில்லாதவர்களைச் சேர்க்காதீர்கள் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். அந்த மூன்று பேரால், ஆசையாகக் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் உங்கள் மடல் ஸ்பேம் பெட்டியில் போய் விழும்.

5. சேரும் பக்கத்தைக் கட்டுங்கள்

அதில் இருக்க வேண்டியவை: இரண்டாம் படியில் எழுதிய அந்த ஒரு வரி, மின்னஞ்சல் கட்டம், பொத்தான், எழுதிவைத்த நான்கில் ஒரு மடலுக்கு லிங்க். பெயர், ஊர், போன் எண் எதுவும் கேட்காதீர்கள். போன் எண்ணைக் கேட்டாலே நம்மவர்கள் பக்கத்தை மூடிவிடுவார்கள், அது நியாயமும்கூட.

'சப்ஸ்கிரைப்' என்ற பொத்தான் இங்கே ஒரு குழப்பம் தரும். யூடியூபில் பழகியவர்கள் அழுத்தினால் போதும் என்று நினைக்கிறார்கள். 'மின்னஞ்சலில் அனுப்புங்கள்' என்று எழுதினால் புரிகிறது.

சேர்ந்தவுடன் உறுதிசெய்யும் மடல் போகும்படி வையுங்கள். அதிலுள்ள லிங்கை அழுத்தினால்தான் அவர் பட்டியலில் வருவார். இதனால் சிலர் பாதியில் நின்றுவிடுவது உண்மைதான். ஆனாலும் நான் இதை விட மாட்டேன். முகவரியைத் தப்பாக அடித்தவர்கள் இங்கேயே கழிந்துவிடுவார்கள். ஜிமெயிலை 'கமெயில்' என்று அடிப்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். அடுத்தவர் முகவரியை யாரும் கொடுத்துவிடவும் முடியாது. இந்தியாவின் 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஐரோப்பாவின் தரவுச் சட்டமும் ஒப்புதலைத்தான் கேட்கின்றன. பாரிஸிலும் பெர்லினிலும் இருக்கும் தமிழ் வாசகரும் சேரக்கூடும் என்பதால் ஒப்புதலுக்கான தடயம் உங்கள் கையில் இருப்பது நல்லது.

உறுதிசெய்யும் மடல் பெரும்பாலான சேவைகளில் ஆங்கிலத்தில் தயாராக இருக்கும். அப்படியே விட்டுவிடாதீர்கள். தமிழில் சேர்ந்தவருக்குத் திடீரென்று ஆங்கிலத்தில் ஒரு மடல் வந்தால் ஏமாற்று வேலை என்று அழித்துவிடுவார். பொத்தானை அழுத்தியதும் வரும் பக்கத்தில், 'உங்கள் பெட்டிக்கு இப்போது ஒரு மடல் வந்திருக்கும். காணவில்லையென்றால் புரமோஷன்ஸ், ஸ்பேம் இரண்டிலும் பாருங்கள்' என்று எழுதுங்கள்.

6. வரவேற்பு மடல்

உறுதிசெய்த அடுத்த நிமிடமே இது போக வேண்டும். அந்த நேரத்தில்தான் வாசகருக்கு உங்கள் மேல் கவனம் இருக்கும். பத்து நாள் கழித்து முதல் மடல் வந்தால் யார் இவர் என்று யோசிப்பார், ஸ்பேமை அழுத்துவார்.

நீங்கள் யார் என்று இரண்டு வரி, அடுத்த மடல் எந்தத் தேதியில், பிறகு ஒரு கேள்வி. நண்பர் கேட்பது: 'உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஏரி எது?' பதில் எழுதுவது எளிது, எழுதுகிறார்கள். வாசகர் பதில் எழுதிய முகவரியிலிருந்து வரும் மடலை மின்னஞ்சல் நிறுவனங்கள் ஸ்பேமில் போடத் தயங்கும். 'இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்கிற மாதிரி முகவரியிலிருந்து அனுப்பினால் இந்த நன்மை மொத்தமும் போய்விடும்.

7. தமிழுக்கு ஏற்றபடி மடலை அமையுங்கள்

ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் இந்தப் படி கிடைக்காது. அதனால் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள்.

ஜிமெயில் ஒரு மடலில் 102 கிலோபைட் வரைதான் காட்டும். அதற்கு மேல் வெட்டிவிட்டு, முழு மடலையும் பார்க்க ஒரு லிங்க் மட்டும் வைக்கும். ஆங்கில எழுத்து ஒன்று ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீடும் மூன்று பைட். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறியீடுகள். 'வணக்கம்' என்ற சொல்லில் ஏழு குறியீடு, 21 பைட். இரண்டாயிரம் சொல் கட்டுரை என்றால் எழுத்து மட்டுமே 50 கிலோபைட்டைத் தாண்டிவிடும். அதன் மேல் சேவையின் அலங்காரக் குறிமுறை, நீளநீளமான லிங்குகள் எல்லாம் சேரும்.

வெட்டினால் என்ன ஆகும்? மடலின் அடியில் இருக்கும் விலகும் லிங்க் காணாமல் போகும். விலக நினைப்பவர் அதைத் தேடிப் பார்த்துவிட்டு ஸ்பேமை அழுத்துவார். மடல் திறக்கப்பட்டதா என்று எண்ணும் நுண்படமும் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும், எண்ணிக்கையும் பிசகும். ஆகவே 1,200 சொல்லுக்குள் நிறுத்துங்கள். நீளமானது என்றால் முதல் பகுதியை மடலில் வைத்து, மீதியை உங்கள் தளத்தில் படிக்க லிங்க் கொடுங்கள். வேர்டிலிருந்து அப்படியே ஒட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத குறிமுறை ஏராளமாகக் கூடவே வரும்.

தலைப்பு வரியில் போனில் நாலைந்து தமிழ்ச் சொல்தான் தெரியும். முக்கியமான சொல்லை முன்னால் வையுங்கள். 'மடல் எண் 14: மார்கழி மாதத்துப் பறவைகள் குறித்து ஒரு பார்வை' என்றால் கண்ணில் படுவது மடல் எண் மட்டும்தான். 'ஊசிவால் வாத்து வந்துவிட்டது' போதும். தலைப்பை அடுத்துத் தெரியும் முன்னோட்ட வரியையும் நீங்களே எழுதுங்கள். விட்டுவிட்டால் 'பிரவுசரில் பார்க்க இங்கே அழுத்தவும்' என்று அந்த இடத்தில் வந்து நிற்கும்.

சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டாம், போனில் படிக்கச் சிரமம். வரி இடைவெளியை 1.6 அளவுக்கு வையுங்கள். கொக்கிகளும் சுழிகளும் மேல்வரியில் முட்டாது. கட்டுரையைப் படமாக்கி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அதைப் பெரிதாக்கவோ தேடவோ முடியாது, பார்வையற்ற வாசகருக்கு அதைப் போன் படித்துக் காட்டவும் முடியாது.

8. முதல் ஐம்பது பேரை ஒவ்வொருவராகச் சேருங்கள்

போனில் இருக்கும் எல்லா முகவரிகளையும் எடுத்துப் பட்டியலில் கொட்ட ஆசை வரும். ஒருவர் அப்படி இருநூறு முகவரிகளைப் போட்டார். பாதி செல்லாதவை, மீதியில் புகார்கள். இரண்டாவது மடலுக்குள் அனுப்பும் சேவை அவர் கணக்கை நிறுத்திவிட்டது. தெரிந்தவர் என்பது ஒப்புதல் ஆகாது.

அந்த உண்மை சொல்லும் பத்துப் பேரில் தொடங்குங்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக வாட்ஸ்அப்பில், அவருக்கு இது ஏன் பிடிக்கும் என்று ஒரு வரி எழுதி லிங்க் அனுப்புங்கள். பிறகு அவர்கள் எங்கே தடுக்கினார்கள் என்று கேளுங்கள். அந்தத் தடைகளைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த நாற்பது பேர்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் ஊரில் பலருக்குத் தன் மின்னஞ்சல் முகவரியே தெரியாது. போன் வாங்கிய கடையில் யாரோ ஒரு ஜிமெயில் கணக்கு தொடங்கிக் கொடுத்திருப்பார்கள். அத்தை மாமாவிடம் சொல்லும்போது, ஜிமெயில் செயலியைத் திறந்து மேலே வலது மூலையில் உள்ள வட்டத்தை அழுத்தினால் முகவரி தெரியும் என்று சேர்த்துச் சொல்லுங்கள். மின்னஞ்சலே திறக்காதவர் என்றால் வற்புறுத்தாதீர்கள். அவருக்கு வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பினால் போதும்.

9. ஐம்பதிலிருந்து ஐந்நூறு

இங்கே வேகம் குறையும். மாதம் இருபது முப்பது பேர் சேர்ந்தாலே நல்ல வளர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் நண்பர்களுக்கும் பலன் தந்தவற்றை, அதிகப் பலன் தந்ததிலிருந்து சொல்கிறேன்.

உங்கள் பழைய கட்டுரைகளில் இன்றும் படிக்கப்படுபவை எவை என்று பாருங்கள். அந்த நான்கைந்தின் முடிவில் சேரும் கட்டத்தை வையுங்கள். முடிவுவரை படித்தவர் ஏற்கனவே உங்கள் வாசகர்தான். பக்கம் திறந்தவுடன் திரையை மறைத்துக்கொண்டு வரும் பெட்டியை வைக்காதீர்கள். ஒரு வரிகூடப் படிக்காதவர் எதை நம்பிச் சேருவார்?

மடலின் அடியில், 'இதை விரும்பக்கூடிய ஒருவருக்கு அனுப்புங்கள்' என்று ஒரு வரியும் அதன் கீழே சேரும் லிங்கும். மடல் கைமாறிப் போகும்போது புதியவர் சேரும் வழி அதிலேயே இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் வெறும் லிங்கை யாரும் திறப்பதில்லை. மடலிலிருந்து தனியாக நிற்கக்கூடிய ஒரு பத்தியைப் போட்டு, அதன் கீழே லிங்க் கொடுங்கள். குழுவில் போடும் முன் அட்மினைக் கேளுங்கள்.

நேரில் சந்திக்கும் இடங்களை மறந்துவிடாதீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போகிறீர்கள் என்றால் கியூஆர் குறியீடு அச்சிட்ட சின்ன அட்டைகள் ஐம்பது எடுத்துப்போங்கள். நண்பர் பறவை நடைக்கு வருபவர்களிடம் அட்டை கொடுக்கிறார். அவருடைய மிக உறுதியான வாசகர்கள் அங்கிருந்து வந்தவர்கள்தான். நோட்டில் முகவரி எழுதி வாங்கினால் அது பூஜ்யமா 'ஓ' என்ற ஆங்கில எழுத்தா, ஒன்றா 'எல்' என்ற எழுத்தா என்று வீட்டில் உட்கார்ந்து திணற வேண்டியிருக்கும்.

இதே துறையில் மடல் எழுதும் இன்னொருவரைப் படித்து, பிடித்திருந்தால் உங்கள் மடலில் பரிந்துரையுங்கள். பலர் திருப்பிச் செய்வார்கள். சேரும்போது கூடவே வேறு மடல்களையும் காட்டும் வசதி சில சேவைகளில் உண்டு. அப்படி வருபவர்களில் சிலருக்குச் சேர்ந்ததே நினைவிருக்காது. அவர்களுக்கு வரவேற்பு மடலில், எங்கிருந்து வந்தார்கள் என்று ஒரு வரி சேருங்கள்.

10. எந்த எண்ணைப் பார்ப்பது

எத்தனை சதவீதம் பேர் திறந்தார்கள் என்ற எண்ணை முழுதாக நம்பாதீர்கள். 2021-இல் ஆப்பிள் கொண்டுவந்த அந்தரங்கப் பாதுகாப்பு, வாசகர் மடலைத் திறக்காவிட்டாலும் படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். திறந்ததாகக் கணக்கு ஏறும். ஐபோன் வாசகர் அதிகமுள்ள வெளிநாட்டுப் பட்டியலில் இந்த எண் வீங்கித் தெரியும்.

நான் பார்ப்பது: எத்தனை பதில் வந்தது, எத்தனை பேர் விலகினார்கள், எந்த மடலுக்குப் பிறகு விலகினார்கள். ஒவ்வொரு மடலுக்கும் ஓரிருவர் விலகுவது இயல்பு. ஒரே மடலில் பத்துப் பேர் போனால், இரண்டாம் படியில் எழுதிய வரியிலிருந்து அந்த மடல் விலகிப் போயிருக்கிறதா என்று பாருங்கள்.

11. பட்டியலைப் பராமரியுங்கள்

மடல் போய்ச் சேராமல் திரும்பி வந்த முகவரிகளைச் சேவையே நீக்கிவிடும். ஆறு மாதமாக எதையும் திறக்காத, எந்த லிங்கையும் அழுத்தாதவர்களுக்கு ஒரே ஒரு மடல் அனுப்புங்கள்: 'தொடர்ந்து அனுப்பட்டுமா? ஆம் என்றால் இங்கே அழுத்துங்கள்.' இரண்டு வாரம் காத்திருந்து, அழுத்தாதவர்களை எடுத்துவிடுங்கள். எண்ணிக்கை குறைவது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். திறந்ததன் கணக்கு பிசகும் என்பதால், எடுக்கும் முன் பழைய பதில்களில் அந்தப் பெயர்கள் இருக்கின்றனவா என்றும் ஒருமுறை தேடுங்கள். எனக்குக் கடிதம் எழுதிய ஒரு பெரியவரை இப்படித்தான் தவறாக நீக்கிவிட்டு, மன்னிப்புக் கேட்டுச் சேர்த்துக்கொண்டேன்.

மாதம் முதல் தேதி பட்டியலைக் கோப்பாக இறக்கி, கடவுச்சொல் போட்டு, கணினியில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக வையுங்கள். சேவை கட்டணத்தை ஏற்றினாலும் கடையை மூடினாலும் அன்றே இடம் மாறலாம். கோப்பில் விலகியவர்களின் பட்டியலும் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய இடத்தில் முதலில் அதைத்தான் ஏற்ற வேண்டும். இல்லையென்றால், வேண்டாம் என்று சொல்லிப் போனவருக்கு மறுபடி மடல் போய்விடும்.